ராஸ்பெரி பை 4: ஒட்டும் ஹீட்சிங்கா, அலுமினிய கேஸா?

ராஸ்பெரி பை என்ற உள்ளங்கையளவு கணினியில் (சுருக்கமாக ‘பை’) மாட்டும் சின்ன ஃபேன் ராத்திரியில் கொசு மாதிரி ரீங்காரமிடும், கொஞ்ச நாளில் தூசி அடைத்துக் கரகரக்கும். படுக்கையறையில் இரவும் பகலும் ஓடும் பைக்கு அது சரிப்படாது. ஃபேனை ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது இரண்டு வழி: சிப்பின்மேல் ஒட்டும் ஹீட்சிங்க் (சூட்டை இழுத்துக் காற்றில் விடும் உலோகத் துண்டு), இல்லையென்றால் அலுமினிய கேஸ்.

2019-இல் வந்த பை 4, 80 டிகிரியைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைக்கத் தொடங்கும். பிராசசரின் நான்கு கோரும் முழு மூச்சில் ஓடினால் வெறும் போர்டு சில நிமிடங்களில் அங்கே போய்விடும். அறை பத்து டிகிரி சூடேறினால் சிப்பும் ஏறக்குறைய அதே பத்து ஏறும். 20 டிகிரி அறையில் யாரோ எடுத்த அளவை நம்பி மதுரையின் மே மாதத்துக்கு வாங்காதீர்கள்.

ஒட்டும் வகை மலிவு. சென்சார் போன்றவற்றை இணைக்கும் ஜிபிஐஓ பின்களை மறைக்காது, வைஃபையைத் தொந்தரவு செய்யாது. குறை அடியிலுள்ள டேப்பில் இருக்கிறது. அலுமினியத்தின் வெப்பக் கடத்துதிறன் 200-க்கு மேல். சாதாரண டேப்புக்கு அதே அளவுகோலில் 1 வந்தாலே பெரிது. பிறகு செம்பா அலுமினியமா என்று மண்டையை உடைப்பானேன்? மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்தால் சூடு உள்ளேயே சுற்றும்.

அலுமினியத்தில் ஃபிளர்க் கேஸில் உள்ளிருந்து ஒரு தூண் இறங்கி, நடுவில் ஒரு பேடோடு (சூட்டைக் கடத்தும் மெத்தென்ற பட்டை) பிராசசரைத் தொடும், கேஸே ஹீட்சிங்க். மேலும் கீழும் பிளாஸ்டிக் என்பதால் வைஃபைக்கு வழி உண்டு. ஆர்மர் கேஸ் என்பது போர்டை இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்துத் திருகுவது. பக்கங்கள் திறந்தவை, மேலே வரிவரியாகத் துடுப்புகள். ஆன்டெனாவும் தகடுகளுக்கிடையே சிக்குவதால் சிக்னல் இறங்கும். நெட்வொர்க் கேபிள் போடுபவர்களுக்குக் கவலையில்லை.

இந்த ஆர்மர் கேஸை ஒருமுறை கழற்றும்போது பேடைக் கிழித்துவிட்டேன். சரி, சூட்டைக் கடத்தும் பேஸ்ட் இருக்கிறதே என்று தடவி மாட்டினேன். கேஸ் ஜில்லென்று கிடந்தது, உள்ளே பை மட்டும் கொதித்தது. திறந்து பார்த்தால் தடவிய பேஸ்ட் தடவியபடியே இருக்கிறது, தகட்டில் ஒரு பொட்டுத் தடம்கூட இல்லை. பேடின் தடிமனுக்கென்று விட்ட இடைவெளி அது. பேஸ்ட் எப்படி எட்டும்? வேலை நடக்கும்போது கேஸ் கையில் சுட்டால் சந்தோஷப்படுங்கள்.

சோதிப்பதென்றால் அரைமணி நேரமாவது ஓட விடுங்கள். கனமான உலோகம் முதலில் சூட்டை விழுங்கிக்கொண்டு நல்ல பிள்ளையாக நடிக்கும்.

விளம்பரத் தடுப்பு, சென்சார் பதிவு போன்ற இலேசான வேலைக்கு ஒட்டும் வகையே போதும். வீடியோ மாற்றுவது, பெரிய புரோகிராம் கம்பைல் செய்வது என்றால் அலுமினியம்தான். வைஃபையை நம்பியிருந்தால் ஃபிளர்க், கேபிள் இருந்தால் ஆர்மர். அப்புறம், பை 5-க்கு மாறும் எண்ணமிருந்தால் அவசரப்பட்டு வாங்காதீர்கள். அதில் ஈதர்நெட்டும் யூஎஸ்பியும் இடம் மாறியிருப்பதால் பை 4 கேஸ் பொருந்தாது.