82 ஆட்டமா, 38 ஆட்டமா: எந்தப் பருவம் உடலை அதிகம் வாட்டுகிறது?

கோலாலம்பூரில் ஹாக்கி என்றாலே நமக்கு ஈப்போவின் அஸ்லான் ஷா கிண்ணம்தான் நினைவுக்கு வரும். பனி ஹாக்கியோ சன்வே பிரமிட் பேரங்காடியின் சறுக்குத் தளத்தோடு நின்றுவிடுகிறது. ஆகவே, பிரிக்ஃபீல்ட்ஸ் மாமாக் கடையில் பின்னிரவு வரை இங்கிலாந்துக் காற்பந்து பார்க்கும் நண்பர்களிடம், வட அமெரிக்கப் பனி ஹாக்கி லீக்கான என்எச்எல்லின் அணியொன்று ஒரு பருவத்தில் 82 ஆட்டங்கள் ஆடுகிறது என்றால் நம்பத் தயங்குகிறார்கள். பிரீமியர் லீக்கில் 38தானே!

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். பனி ஹாக்கி வீரர் ஏறத்தாழ 45 விநாடிகள் முழு வேகத்தில் ஆடிவிட்டு இருக்கைக்குத் திரும்ப, ஆட்டம் நிற்காமலேயே அடுத்தவர் இறங்குகிறார். 60 நிமிட ஆட்டத்தில் அவர் களத்தில் இருப்பது 18 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், 82 ஆட்டங்களுக்கும் 1,476 நிமிடங்களே வருகின்றன. 38 ஆட்டங்களையும் முழுமையாக ஆடும் காற்பந்து வீரருக்கோ 3,420 நிமிடங்கள். அவர் ஓர் ஆட்டத்தில் 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடுகிறார். ஒருமுறை வெளியேறினால் மீண்டும் இறங்க முடியாது. நம் மலேசிய சூப்பர் லீக்கில் இரவு ஆட்டத்திலும் விடாத புழுக்கம் இதற்கு மேல் தனிக்கணக்கு.

ஆனால் அந்த 1,476 நிமிடங்களும் மோதலிலேயே கழிபவை. என்எச்எல் வெற்றியாளருக்குக் கிடைக்கும் ஸ்டான்லி கிண்ணத்தின் 2013 இறுதிச் சுற்றில் போஸ்டன் அணியின் பாட்ரிஸ் பெர்ஜரோன் விலா எலும்பு முறிந்து, தோள்மூட்டு விலகிய நிலையிலும் ஆடினார். நுரையீரலில் துளை விழுந்திருந்தது ஆட்டம் முடிந்த பிறகே தெரியவந்தது. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை சராசரியாக இரண்டே கால் நாளுக்கு ஓர் ஆட்டம், இடையே நெடுந்தூர விமானப் பயணம், கிண்ணத்தை நெருங்கும் அணிக்கு அதன்பின் 28 ஆட்டங்கள் வரை. இந்த ஓயாத சுமையில் என்எச்எல் வீரர் ஃபில் கெஸல் தொடர்ந்து 1,064 ஆட்டங்கள் ஆடியது எனக்கு இன்றும் வியப்புதான்.

வாரக் கணக்கில் பனி ஹாக்கியே கடினம். ஆண்டுக் கணக்கில் என் தீர்ப்பு மாறுகிறது. முன்னணிக் காற்பந்து வீரருக்கு ஓய்வுக் காலமே மிஞ்சுவதில்லை. 2020-21 பருவத்தில் பார்சலோனாவுக்கும் ஸ்பெயினுக்கும் ஆடிய பெட்ரி, டோக்கியோ ஒலிம்பிக் முடிவதற்குள் 73 ஆட்டங்களைத் தொட்டபோது அவருக்கு வயது 18. 2024 செப்டம்பரில், ஆட்டச் சுமையால் வீரர்கள் வேலைநிறுத்தத்தை நெருங்கிவிட்டார்கள் என்று பேசிய மான்செஸ்டர் சிட்டி வீரர் ரோட்ரிக்குச் சில நாட்களிலேயே முழங்கால் தசைநார் கிழிந்தது.

நாள்காட்டியை யார் வகுக்கிறார்கள் என்பதிலும் வேறுபாடு உண்டு. என்எச்எல் 2026-27 முதல் 84 ஆட்டங்களுக்குப் போவதுகூட, பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களைக் குறைத்து, வீரர் சங்கத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படிதான். காற்பந்திலோ உள்நாட்டு லீக், கண்டக் கூட்டமைப்பு, ஃபிஃபா என ஆளுக்கொரு நாள்காட்டி வகுக்கிறார்கள். ஐரோப்பிய வீரர் சங்கமும் லீக்குகளும் சேர்ந்து 2024 அக்டோபரில் ஃபிஃபாவுக்கு எதிராக ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்ததும் இதற்காகத்தான்.