லேப்டாப்பில் காட்டினால் காசு கொடுத்துடாதீங்க

பழைய வண்ணாரப்பேட்டையில எம்.சி. ரோட்டை ஒட்டின சந்துல எங்களுக்குச் சின்னதா ஒரு ஜவுளிக்கடை. தீபாவளிக்கு முன்னாடி வெப்சைட் பண்ணித் தர்றேன்னு ஒரு தம்பி வந்தான். பேரு வேணாம். 22,000 ரூபாய், பாதி அட்வான்ஸ்.

வேலை முடிஞ்சதுன்னு ஒருநாள் லேப்டாப்பைக் கல்லாமேல வச்சு ஓட்டிக் காட்டினான். பளபளன்னு இருந்துச்சு. "போன்ல எப்படிப்பா இருக்கும்?"னேன். "சூப்பரா இருக்கும்க்கா"ன்னு வாட்ஸ்அப்ல ஒரு படம் அனுப்பினான். ஐபோனுக்குள்ள எங்க கடை! மீதிப் பணத்தையும் எண்ணிக் கொடுத்துட்டேன். அந்தப் படத்துல போன்ல மணி 9:41. அவன் அனுப்பினது ராத்திரி எட்டுக்கு. ஆப்பிள் விளம்பரத்துல வர்ற போன்ல எல்லாம் அதே 9:41தானாம். அதாவது விளம்பரப் போன் படத்துக்குள்ள எங்க கடையை ஒட்டி வச்சிருக்கான், நிஜ போன்ல திறந்து பார்க்கவே இல்லை. என் பையன் அப்புறம் சொல்லித்தான் தெரியும்.

மறுநாளே திருவொற்றியூர் கஸ்டமர் ஒருத்தங்க, "எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கே"ன்னாங்க. என் போன்ல திறந்தா மொத்தப் பக்கமும் சுருங்கிக் கிடக்கு. ரெண்டு விரலால பெருசாக்கினா விலை தெரியுது, புடவை காணாமப் போகுது. ஆர்டர் பட்டனைத் தொட்டா பக்கத்துல உள்ளது திறக்குது.

பையனோட சிநேகிதன் வெப்சைட்டோட கோடிங்கைப் பிரிச்சுப் பார்த்தான். வியூபோர்ட்னு ஒரு வரி இருக்கணுமாம். அது இல்லேன்னா போன் தன்னை 980 பிக்சல் அகலத் திரையா நினைச்சுக்கிட்டு எல்லாத்தையும் சுருக்கிடுமாம். சரி, சேர்த்தோம். இன்னும் மோசம்! அகலத்தை 1200 பிக்சல்னு அடிச்சு வச்சிருந்ததால புடவையில பாதி திரைக்கு வெளியே. ஒரே ஒரு படம் 6 எம்பி வேற, போன் நெட்ல திறக்கவே நேரமாகும். திரைக்குத் தக்கபடி மாறிக்கிற 'ரெஸ்பான்சிவ்' டிசைன்ங்கற பேரே 2010லயே வந்தாச்சாம். இவனுக்கு மட்டும் சேதி வரலை போல.

தம்பிக்கு போன் போட்டா, "மொபைல் வெர்ஷன் தனிக்கா, 9,000 ஆகும்"ங்கறான். கொட்டேஷன்ல 'வெப்சைட்'னு மட்டும்தான் இருக்கு. டொமைனும், அதான் வெப்சைட் முகவரியும், அவன் பேர்லயே வாங்கியிருக்கான், அதனால வேற ஆள்கிட்டயும் போக முடியலை.

கடைசித் தவணைக்கு முன்னாடி லிங்கை வாங்குங்க. வைஃபையை அணைச்சுட்டு உங்க போன்லயும், வீட்டுல கிடக்கிற பழைய போன்லயும் திறங்க. போனைப் பக்கவாட்டுல திருப்பிப் பிடிச்சும் பாருங்க. டொமைன் உங்க பேர்ல இருக்கான்னு கேளுங்க.

புது போர்டுல வெப்சைட் முகவரியைப் பெருசா எழுதி வச்சிருந்தோம். இப்ப அதுமேல பிரவுன் டேப் ஒட்டியிருக்கு.