பக்கவாத சிகிச்சை: எந்த ஆதாரத்தை முதலில் கையில் எடுப்பது?

பக்கவாதம் வந்து படுத்திருக்கும் ஒருவருக்காக அடுத்த சில மணி நேரத்தில் பல முடிவுகள் எடுத்தாக வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாமா, ஆஸ்பிரின் எப்போது தொடங்குவது, எந்த வார்டுக்கு அனுப்புவது, எப்போது எழுப்பி உட்கார வைப்பது என்று கேள்விகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் தேடிப் போனால் நான்கு வகை கையில் கிடைக்கும். ஒரு பெரிய ஆய்வு. பல ஆய்வுகளைத் தேடிச் சேர்த்து எடைபோட்ட முறைசார் மீளாய்வு. ஒவ்வொரு நோயாளியின் தரவையும் தனித்தனியாக வாங்கி ஒன்றாக அலசும் மீளாய்வு. இவற்றைப் படித்து ஒரு நிபுணர் குழு எழுதிய வழிகாட்டு நெறிமுறை.

பெரும்பாலும் நான்கும் ஒரே பக்கம்தான் கைகாட்டும். காட்டாத இடங்களில் நோயாளிக்கு நல்லதும் கெட்டதும் நாம் எதை நம்பினோம் என்பதைப் பொறுத்து அமைகிறது. என் முதல் தேர்வு முறைசார் மீளாய்வு. ஆனால் அதைப் பின்னுக்குத் தள்ள வேண்டிய நேரங்களும் உண்டு.

முதலில் அது எங்கே பலமாக நிற்கிறது என்று பார்ப்போம். பக்கவாத நோயாளிகளை அதற்கென்றே பயிற்சி பெற்ற மருத்துவர், செவிலியர், இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர் எல்லோரும் சேர்ந்து கவனிக்கும் தனிப் பிரிவில் வைப்பது நல்லதா, பொது வார்டே போதுமா? 1993-இல் இந்தக் கேள்விக்கு 10 ஆய்வுகளைச் சேர்த்து ஒரு தொகுப்பு வந்தது. மொத்தமே 1,586 நோயாளிகள்தான். தனித்தனியாகப் பார்த்தால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை எதையும் உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்குச் சிறியவை. சேர்த்துப் பார்த்தபோது தனிப் பிரிவில் இறப்பு குறைவு என்பது தெளிவாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு புதிய ஆய்வுகளைச் சேர்த்துச் சேர்த்து மருத்துவ ஆய்வுகளைத் தேடித் தொகுக்கும் காக்ரேன் அமைப்பின் மீளாய்வு 2020-இல் 29 ஆய்வுகள், 5,902 பேர் என்று வளர்ந்தது. தனிப் பிரிவில் கவனிக்கப்படும் ஒவ்வொரு 100 பேரிலும் கூடுதலாக 2 பேர் உயிர் பிழைக்கிறார்கள். 6 பேர் கூடுதலாக வீடு திரும்பி வாழ்கிறார்கள். 6 பேர் கூடுதலாகப் பிறர் உதவியில்லாமல் தங்கள் வேலையைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். இதில் புது மருந்து எதுவும் கிடையாது. கவனிப்பை ஒழுங்குபடுத்தியதன் பலன் இது. மருந்தாக விற்க முடியாத ஒரு சிகிச்சைக்குப் பெரிய செலவில் ஆய்வு நடத்த யார் முன்வருவார்கள்? சிதறிக் கிடந்த சிறிய ஆய்வுகளைப் பொறுமையாகத் தேடி எடுத்துச் சேர்த்தவர்களால்தான் இந்த உண்மை வெளியே வந்தது. முறைசார் மீளாய்வின் மேல் எனக்குள்ள மதிப்புக்கு இந்த ஒரு கதையே போதும்.

ஆஸ்பிரின் விஷயத்தில் பெரிய ஆய்வுக்கும் மீளாய்வுக்கும் சண்டையே இல்லை. 1997-இல் ஐஎஸ்டி (19,435 பேர்), சீனாவில் நடந்த காஸ்ட் (21,106 பேர்) என்று இரண்டு பிரம்மாண்டமான ஆய்வுகள் வந்தன. அடைப்பால் வந்த பக்கவாதத்தில் முதல் 48 மணி நேரத்துக்குள் ஆஸ்பிரின் தொடங்கினால், 1,000 பேருக்கு 13 பேர் இறப்பிலிருந்தோ பிறரைச் சார்ந்து வாழும் நிலையிலிருந்தோ தப்புகிறார்கள் என்று தொகுப்பு சொல்கிறது. இவ்வளவு சிறிய பலனைச் சந்தேகமில்லாமல் காட்ட 40,000 பேர் தேவைப்பட்டார்கள். சில நூறு பேரை வைத்து நடந்த ஒரு ஆய்வு ‘பலன் இல்லை’ என்று முடிந்தால், பலன் உண்மையிலேயே இல்லையா, தெரியும் அளவுக்கு ஆட்கள் இல்லையா என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

இனி மீளாய்வு சறுக்கிய இடம். மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளூவாக்ஸெடின் மாத்திரை, பக்கவாதத்துக்குப் பிறகு கை கால் இயக்கம் மீள உதவும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. 2011-இல் பிரான்சில் 118 பேரிடம் நடந்த ஃப்ளேம் ஆய்வு அதற்கு வலு சேர்த்தது. 2012-இல் வந்த காக்ரேன் மீளாய்வு இந்த வகை மருந்துகள் பற்றிய ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்தது. சுமார் 4,000 பேர். இயலாமை குறைவதுபோல் விடை வந்தது. ஆனால் சேர்க்கப்பட்டவற்றில் பல சிறியவை, முறையில் ஓட்டை உள்ளவை. அதை அந்த மீளாய்வே எழுதியிருந்தது. பெரிய, ஒழுங்கான ஆய்வு தேவை என்றும் கேட்டிருந்தது. அப்புறம் ஃபோகஸ் (3,127 பேர்), அஃபினிட்டி, எஃபெக்ட்ஸ் என்று மூன்று பெரிய ஆய்வுகள் 2018 முதல் 2020-க்குள் வெளிவந்தன. ஆறு மாதம் தினமும் 20 மில்லிகிராம் கொடுத்தும் இயக்கத்தில் மேம்பாடு இல்லை. எலும்பு முறிவுதான் கூடியது. அடுத்த காக்ரேன் பதிப்புகள் முடிவை மாற்றிக்கொண்டன.

ஆகவே, கலங்கலான பத்துக் குடங்களை ஒரே தொட்டியில் ஊற்றினால் தண்ணீர் தெளிந்துவிடாது. ஒரு மீளாய்வில் எத்தனை ஆய்வுகள் என்பதைவிட, அவற்றில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தது ஒழுங்காக நடந்ததா, எந்தச் சிகிச்சை யாருக்கு என்பது மறைக்கப்பட்டதா, பாதியில் விலகியவர்கள் எத்தனை பேர் என்பதையே நான் முதலில் தேடுவேன். அடிப்படை பலவீனமாக இருந்தால், நன்றாக நடத்தப்பட்ட ஒரே ஒரு பெரிய ஆய்வை அதற்கு மேலே வைப்பேன்.

மூன்றாவது வகைக்கு வருவோம். வழக்கமான மீளாய்வு ஒவ்வொரு ஆய்வும் வெளியிட்ட சராசரியைத்தான் சேர்க்கும். ‘யாருக்கு, எவ்வளவு நேரத்துக்குள்’ என்ற கேள்விக்கு அந்தச் சராசரி போதாது. கட்டியைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் ஊசி இதற்கு நல்ல உதாரணம். 2014-இல் 9 ஆய்வுகளின் 6,756 நோயாளிகளின் தரவைத் தனித்தனியாக வாங்கி அலசினார்கள். அறிகுறி தொடங்கி 3 மணி நேரத்துக்குள் ஊசி போட்டவர்களில் 32.9 சதவீதம் பேர் ஏறக்குறைய முழுமையாகத் தேறினார்கள். ஊசி இல்லாதவர்களில் 23.1. மூன்று முதல் நாலரை மணி நேரத்தில் இது 35.3-க்கு 30.1 என்று சுருங்கியது. அதைத் தாண்டினால் பலன் நிச்சயமில்லை. கூடவே ஆபத்தையும் அதே தரவு மறைக்காமல் காட்டியது: முதல் ஏழு நாளில் மூளைக்குள் ரத்தம் கசிந்து இறந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 2.7 சதவீதம், போடாதவர்களில் 0.4. முதிய வயதினருக்கும் பலன் உண்டு என்பதும் இங்கேதான் தெளிந்தது. ஒரு குடும்பத்திடம் நேர்மையாகப் பேச இந்த எண்கள் வேண்டும். நேரம், வயது, நோயின் தீவிரம் சம்பந்தப்பட்ட கேள்வி என்றால் சாதாரணத் தொகுப்பைவிட இந்த வகையைத்தான் எடுப்பேன். ஆனால் எல்லா ஆய்வாளர்களும் தரவைத் தர ஒத்துக்கொள்ள வேண்டும். வருடக்கணக்கில் உழைப்பு பிடிக்கும். அதனால் எல்லாக் கேள்விக்கும் இது கிடைக்காது.

கதீட்டர் என்ற மெல்லிய குழாயை ரத்தக்குழாய்க்குள் செலுத்திக் கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சையும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. 2013-இல் மூன்று ஆய்வுகள் பலன் இல்லை என்றன. பழைய கருவிகள், பெரிய ரத்தக்குழாய் அடைபட்டிருக்கிறதா என்று படமெடுத்து உறுதி செய்யாமலே சேர்க்கப்பட்ட பலர் என்று அவற்றில் சிக்கல்கள் இருந்தன. நோயாளிகளைச் சரியாகத் தேர்ந்து, புதிய கருவியோடு நடந்த ஐந்து ஆய்வுகளின் 1,287 பேரின் தரவை ஹெர்மிஸ் என்ற ஆய்வாளர் குழு 2016-இல் சேர்த்தபோது, சுயமாக வாழும் நிலைக்கு வந்தவர்கள் 46 சதவீதம். வழக்கமான சிகிச்சையில் 26.5. பழையதையும் புதியதையும் ஒரே சராசரியில் குழைத்திருந்தால் இந்த வித்தியாசம் மங்கிப் போயிருக்கும். எதை எதோடு சேர்க்கலாம் என்பது கணக்குக்கு முன்னால் எடுக்க வேண்டிய மருத்துவ முடிவு.

சரி, வழிகாட்டு நெறிமுறை? இரவு இரண்டு மணிக்குப் பணியில் இருப்பவருக்கு மீளாய்வைப் பிரித்துப் படிக்க நேரமில்லை. அங்கே நெறிமுறைதான் துணை. மீளாய்வு ‘பலன் இவ்வளவு’ என்று நிறுத்திக்கொள்ளும். செய்யலாமா வேண்டாமா என்று சொல்லும் பொறுப்பை நெறிமுறை ஏற்கிறது. சிக்கல் எங்கே என்றால், ஆதாரம் இல்லாத இடத்தையும் அது நிபுணர் கருத்தால் நிரப்பிவிடும். நோயாளியைச் சீக்கிரம் எழுப்பி நடக்க வைக்க வேண்டும் என்று பல நாட்டு நெறிமுறைகள் எழுதின. 2009-இல் காக்ரேன் மீளாய்வு தேடிப் பார்த்தபோது கிடைத்தது 71 பேர் கொண்ட ஒரே ஆய்வு. ஆதாரம் போதாது என்று அது சொல்லிவிட்டது. 2015-இல் 2,104 பேரிடம் நடந்த அவெர்ட் ஆய்வு, முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கி அடிக்கடி, அதிகமாக எழுப்பியவர்களில் 46 சதவீதமும் வழக்கமான கவனிப்பில் 50 சதவீதமும் நன்றாகத் தேறினார்கள் என்று காட்டியது. ‘தெரியவில்லை’ என்ற மீளாய்வு இங்கே ‘செய்யுங்கள்’ என்ற நெறிமுறையைவிட நோயாளிக்கு நெருக்கமாக இருந்தது.

கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையாமலிருக்க இறுக்கமான காலுறை போடும் பழக்கமும் அப்படித்தான். அறுவை சிகிச்சை நோயாளிகளிடம் கிடைத்த ஆதாரத்தைப் பக்கவாதத்துக்குக் கடன் வாங்கினார்கள். 2009-இல் 2,518 பேரிடம் நடந்த ஆய்வில் தொடை வரை நீளும் காலுறையால் பலன் இல்லை, தோல் புண்தான் கூடியது என்று தெரிந்தது.

நெறிமுறையின் இன்னொரு குறை, அச்சானதும் பழையதாகத் தொடங்குவது. ஆஸ்திரேலியாவின் ஸ்ட்ரோக் ஃபவுண்டேஷன் 2018 முதல் புதிய ஆதாரத்தைத் தொடர்ந்து தேடி, தேவையான பரிந்துரையை மட்டும் அவ்வப்போது திருத்தும் முறையைப் பின்பற்றியது. மீளாய்வையும் நெறிமுறையையும் பிரிக்காமல் ஓடவிடும் இந்த வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது.

படுக்கையருகே உடனடி முடிவு என்றால் சமீபத்திய நெறிமுறை. அதிலும் அந்தப் பரிந்துரையின் பக்கத்தில் ஆதாரத்தின் தரம் என்னவென்று போட்டிருக்கிறது எனப் பார்த்துவிட்டு. ஒரு மருத்துவமனை தன் வழக்கத்தை மாற்றப் போகிறது, தனிப் பிரிவு தொடங்கப் போகிறது என்றால் முறைசார் மீளாய்வை முழுதாகப் படிக்க வேண்டும். தேடல் எந்த மாதத்தோடு நின்றது என்று பார்த்து, அதற்குப் பிறகு பெரிய ஆய்வு ஏதாவது வந்திருக்கிறதா என்று ஒரு முறை தேடிவிட்டால் பாதி ஆபத்து நீங்கும். பேச்சு இழப்பு, விழுங்குவதில் சிரமம், சோர்வு போன்றவற்றில் இன்னும் சிறிய ஆய்வுகளே அதிகம். அங்கே ‘ஆதாரம் போதாது’ என்று ஒரு மீளாய்வு முடிந்தால், அந்தச் சிகிச்சை உதவாது என்று படித்து நோயாளிக்கு அதை நிறுத்திவிடக் கூடாது.