தேடலில் முதற்பக்கம் என்று உறுதி தருவோரிடம் பணம் கொடுப்பதற்கு முன்

அப்புத்தளையில் நான்கு அறைகள் கொண்ட சிறிய விருந்தினர் விடுதி ஒன்றை நானும் மனைவியும் நடத்தி வருகிறோம். எங்கள் இணையத்தளத்தைக் கூகுள் தேடலில் முன்னுக்குக் கொண்டுவருவதாகச் சொன்ன ஒருவரிடம் மூன்று தவணைகளில் 90,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தோம். அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. பண்டாரவளையிலும் எல்லவிலும் விடுதி நடத்தும் நண்பர்களிடமும் இதே பேச்சோடு ஆட்கள் வந்து போவதால், ஏமாந்த விதத்தை மட்டும் விவரமாக எழுதுகிறேன்.

"ஆட்கள் கூகுளில் தேடும் இருபது சொற்றொடர்களை நானே தெரிவுசெய்வேன், ஆறு மாதத்தில் எல்லாவற்றிலும் முதற்பக்கம், எழுதியே தருகிறேன் அண்ணா" என்றார். தேடலில் முதலிடத்துக்கு எவராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் சொல்லியிருப்பதை நான் அப்போது படித்திருக்கவில்லை. எழுத்தில் கிடைக்கிறதே என்று முற்பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் மாதம் வந்த அறிக்கையில் இருபதில் பதினேழு சொற்றொடர்களுக்கு நேரே பச்சைக் குறி இருந்தது. கையடக்கத் தொலைபேசியில் நானே தட்டிப் பார்த்தேன். உண்மையாகவே எங்கள் விடுதிதான் முதலில் வந்தது. மிச்சப் பணத்தையும் கொடுத்தேன். ஆனால் இணையத்தளம் வழியாக ஒரு முன்பதிவுகூட வரவில்லை. கேட்டபோது "இப்போது சீசன் இல்லை அண்ணா" என்றார். அது ஜனவரி மாதம். எல்லவில் அறை கிடைக்காமல் வெள்ளைக்காரப் பிள்ளைகள் பையைச் சுமந்துகொண்டு அலையும் காலம்.

பொங்கல் விடுமுறைக்கு வந்த அக்காவின் மகள் கணினி படிக்கிறாள். பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, "மாமா, இதையெல்லாம் யாரு தேடுவாங்க?" என்று கேட்டாள். நான்கு சொற்றொடர்களில் எங்கள் விடுதியின் பெயரே இருந்தது. பெயர் தெரிந்தவர் எந்த வேலையும் செய்யாமலே எங்களைக் கண்டுபிடித்துவிடுவார். மற்றவை அப்புத்தளை, குடும்பம், நான்கு அறை, மலைக்காட்சி, மலிவு என்று ஏழெட்டு ஆங்கிலச் சொற்களைக் கோத்தவை. அவற்றைத் தேடுவோர் இல்லாததால் போட்டியும் இல்லை. போட்டி இல்லாத இடத்தில் முதலில் நிற்பதற்கு 90,000 ரூபாய் தேவையில்லை. ஒரு சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று காட்டும், கூகுள் விளம்பரக் கணக்கோடு இலவசமாகக் கிடைக்கும் கீவேர்ட் பிளானர் என்ற கருவியில் அவற்றை இட்டுப் பார்த்தாள். மாதாந்தத் தேடல் எண்ணிக்கை வரவேண்டிய இடத்தில் வெறும் கோடுதான் இருந்தது.

தேடலில் நம் தளம் எப்படித் தோன்றுகிறது என்று காட்டும் கூகுளின் சேர்ச் கன்சோல் என்ற கருவி, பணம் வாங்கியவருடைய கணக்கில் இருந்ததால், தளம் எங்களுடையது என்று காட்டும் சரிபார்ப்புக் கோப்பு ஒன்றைத் தளத்தில் ஏற்றி எங்கள் கணக்கையும் உரிமையாளராகச் சேர்த்தாள். எந்தச் சொற்களைத் தட்டியவர்களுக்கு நம் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்பதெல்லாம் அங்கே தெரியும். மிகச் சிலரே தேடிய சொற்களைக் கூகுள் அந்தப் பட்டியலில் காட்டுவதில்லை. பச்சைக் குறி பெற்ற பதினேழில் எங்கள் விடுதிப் பெயரைத் தவிர வேறொன்றும் அங்கே இல்லை.

என்னை அதிகம் சுட்டது வேறு. லிப்டன் சீட் என்ற மலைக்காட்சி முனைக்கு விடியற்காலையில் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும், முச்சக்கரவண்டி எவ்வளவு கேட்கும், பனிமூட்டம் ஏறினால் என்ன தெரியும் என்று மனைவி முன்பு ஒரு பக்கம் எழுதியிருந்தாள். இரவுச் சாப்பாட்டின்போது விருந்தினர் கேட்கும் கேள்விகள்தாம் அவை. அதே கேள்விகளைத் தட்டியவர்களுக்கு அந்தப் பக்கம் சராசரியாக 23ஆவது இடத்தில், அதாவது மூன்றாம் பக்கத்தில், காட்டப்பட்டு வந்தது. மனிதர்கள் உண்மையில் தேடும் சொற்றொடர் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே கிடந்திருக்கிறது. பணம் வாங்கியவர் ஒருநாளும் "உங்கள் விருந்தினர் என்ன கேட்பார்கள்?" என்று கேட்கவில்லை.

பக்கத்தின் அடியில் வெறுமையாக இருந்த இடத்தில் அக்காவின் மகள் சுட்டியை அழுத்தி இழுத்தபோது, வெள்ளையில் வெள்ளையாக ஒளித்திருந்த எழுத்துகள் நீலமாக மேலே வந்தன: எல்ல ஹோட்டல், கண்டி ஹோட்டல், நுவரெலியா ஹோட்டல் என்று நாற்பது வரிகள். மறைத்த எழுத்தும் சொற்களைத் திணிப்பதும் கூகுளின் விதிகளுக்கு முரணானவை. அதற்காகத் தளத்தையே தேடலிலிருந்து நீக்கவும் செய்வார்கள். பற்றுச்சீட்டில் "மெட்டா கீவேர்ட்ஸ்", அதாவது பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்தின் நிரலில் இடும் சொற்பட்டியல், என்று 12,000 ரூபாய் தனியாகப் போட்டிருந்தார். தரவரிசைக்கு அந்தக் குறியைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது.

ஆகவே, சொற்றொடர்ப் பட்டியலை ஏற்பதற்கு முன் ஒவ்வொன்றையும் மாதத்துக்கு எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதை உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள். கீவேர்ட் பிளானரில், விளம்பரத்துக்குச் செலவு செய்யாத கணக்கில் 100 முதல் 1,000 வரை என்பது போன்ற வீச்சுதான் தெரியும், அதுவே போதும். சேர்ச் கன்சோலை முதல் நாளே உங்கள் பெயரில் திறந்து, வேலை செய்பவருக்கு அனுமதி மட்டும் கொடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "முதற்பக்கம் என்றுதானே எழுதித் தந்தேன், ஆட்கள் வருவார்கள் என்று எழுதவில்லையே அண்ணா" என்றார். தளத்தின் இணைய முகவரியும் அவருடைய மின்னஞ்சலின்கீழ்தான் பதிவாகியிருக்கிறது. அதை எங்களுக்கு மாற்றித் தருவதற்கு இன்னும் 15,000 ரூபாய் கேட்கிறார்.