பிடி (Bt) கத்தரியா, இலவம்பாடி முள்ளுக் கத்தரியா?

வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பு முள் விரலைக் குத்தும்தான். ஆனால் அந்த ருசிக்கு ஈடு ஏது? ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள இதுதான் வேண்டும் என்பேன்.

தொல்லை, காய்ப்புழு. வெளியே குண்டூசி அளவு ஓட்டைதான் தெரியும். அறுத்தால் உள்ளே கறுத்துப்போன எச்சம். புழு உள்ளே போய்விட்டால் மருந்து எட்டாது. அதனால்தான் திரும்பத் திரும்ப மருந்து அடிக்கிறார்கள்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் மரபணு மாற்றிய பிடி கத்தரி. அதில் மண் பாக்டீரியா ஒன்றின் மரபணு இருக்கிறது. அந்த மரபணு உண்டாக்கும் புரதம் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் ஒட்டி அதைக் கொல்லும். நம் வயிற்றில் இருப்பது அமிலம். அந்தப் புரதம் ஒட்டிக்கொள்ளும் இடமும் நம் குடலில் இல்லை. வங்கதேசத்தில் 2014 முதல் பயிராகிறது. இந்தியாவில் மரபணு மாற்றுப் பயிர்களுக்கான ஒப்புதல் குழு 2009-ல் சரி என்றது. 2010 பிப்ரவரியில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்திவைத்தார்.

சாப்பாட்டுத் தட்டை மட்டும் பார்த்தால், எனக்குப் பெரிய பயம் பூச்சிமருந்து எச்சம்தான். அந்த வகையில் பிடி மேல்.

வயலில் கதை வேறு. தேனீயும் வண்டும் வேலி பார்ப்பதில்லை. பக்கத்து வயல் மகரந்தம் கலந்தால், விதைக்கு விட்ட முள்ளுக் கத்தரி பழைய குணத்தோடு வருமா? அதனால் இலவம்பாடி இருக்கும் அணைக்கட்டு வட்டாரத்தில் பிடி வேண்டாம். அங்கே இனக்கவர்ச்சிப் பொறி (பெண் பூச்சியின் வாசனை காட்டி ஆண் பூச்சியைப் பிடிப்பது) வைக்கட்டும்; புழு துளைத்து வாடிய தளிர் நுனியைப் புழுவோடு கிள்ளி அழிக்கட்டும். அதற்கான ஆள்கூலியில் அரசு கைகொடுக்க வேண்டும்.