பிரிட்டனா, ஜெர்மனியா: மாணவர் விசாவில் பணம் காட்டும் கணக்கு

முதுகலைப் படிப்புக்கு இந்த இரண்டு நாடுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நினைப்பவர்கள் பல்கலைக்கழகத் தரவரிசையோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். விசாவில் ஆளைக் கவிழ்ப்பது அதுவல்ல, பணம் காட்டும் முறை. அதில் என் ஓட்டு ஜெர்மனிக்கு.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். பகுதிநேர வேலைக்குப் பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவருக்கு வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம். ஜெர்மனியில் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். பெரிய வித்தியாசமில்லை. படிப்பு முடிந்து வேலை தேட ஜெர்மனி 18 மாதம் தருகிறது. பிரிட்டன் இரண்டு வருடம் தந்துகொண்டிருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அங்கும் 18 மாதம்தான், முனைவர் பட்டத்துக்கு மட்டும் 3 வருடம். 2026 செப்டம்பரில் ஒரு வருட முதுகலையில் சேர்பவர் புதிய விதியில்தான் மாட்டுவார். ஆக, 'பிரிட்டன்னா ரெண்டு வருஷம் இருக்கலாம்' என்ற பழைய வாதம் செல்லாது.

இனி பணம். பிரிட்டன் கேட்பது இரண்டு தொகை: சி.ஏ.எஸ் ஆவணத்தில் (சேர்க்கையை உறுதிசெய்து பல்கலைக்கழகம் தருவது) உள்ள முதல் வருடக் கட்டணத்தில் இன்னும் கட்டாத பாக்கி, அதோடு 9 மாத வாழ்க்கைச் செலவு. 2025 நவம்பர் 11 முதல் லண்டனில் மாதம் 1,529 பவுண்டு, வெளியே 1,171. லண்டனுக்கு வெளியே 16,000 பவுண்டு பாக்கி இருந்தால், 10,539 சேர்த்து 26,539. இந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும்; அந்த 28-ஆம் நாள், விண்ணப்பத் தேதிக்கு முந்தைய 31 நாளுக்குள் வர வேண்டும்.

சிக்கல் 'தொடர்ந்து' என்ற சொல்லில். 19-ஆம் நாள் வங்கி ஏதோ ஒரு சேவைக் கட்டணத்தைக் கழித்து இருப்பு 26,530 ஆனால் போச்சு, எண்ணிக்கை முதலிலிருந்து. கணக்கு வேறு நாணயத்தில் இருந்தால் விண்ணப்பிக்கும் நாளின் ஓவாண்டா என்ற நாணய மாற்று இணையதளத்தின் விகிதத்தில் கணக்கிடுவார்கள், அதனால் கொஞ்சம் தாராளமாகவே வைக்க வேண்டும். பெற்றோர் கணக்கு ஏற்கப்படும், பிறப்புச் சான்றிதழும் சம்மதக் கடிதமும் வேண்டும். சித்தப்பா, அண்ணன் கணக்கு எடுபடாது. பங்குகளும் ஆகாது. மறுத்துவிட்டால் நிர்வாக மறுஆய்வு கேட்கலாம். ஆனால் அது அதிகாரி செய்த தவறைத் திருத்தத்தான், 28 நாள் நிறையாத கணக்கை அது காப்பாற்றாது.

ஜெர்மனியில் இந்த நாள் எண்ணும் வேலையே இல்லை. பிளாக்டு அக்கவுண்ட் (மாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடிகிற கணக்கு) திறந்து ஒரு வருடத்துக்கான 11,904 யூரோ போட்டால் உறுதிச் சான்று வரும், அதை வைத்தால் போதும். பணம் எத்தனை நாளாகக் கணக்கில் இருந்தது என்ற பேச்சு வராது. அங்கே போனபின் மாதம் 992 யூரோவாக அதே பணம் உங்கள் கைக்குத் திரும்புகிறது. அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை என்பதால் மேலே தனித்தொகை காட்ட வேண்டியதில்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவரிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது கட்டணம் வாங்குகிறது.

இங்கே தவறுவது வேறு இடத்தில். சரியாக 11,904 அனுப்பினால் இடையிலுள்ள வங்கி தன் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளும். 11,880 வந்து சேர்ந்தால் சான்று வராது. கணக்குத் திறப்புக் கட்டணத்தோடு 100 யூரோ போலக் கூடுதலாக அனுப்புங்கள். கணக்கில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். இந்தியா, சீனா, வியட்நாம் கல்விச் சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு ஏ.பி.எஸ் சரிபார்ப்பு (சான்றிதழ்கள் உண்மையானவையா என்று பார்ப்பது) உண்டு, வாரக்கணக்கில் இழுக்கும். அட்மிஷன் வரட்டும் என்று காத்திருக்காமல் முன்கூட்டியே போடுங்கள்.

ஜெர்மனிக்கு எதிரான பாயின்ட்டுகளையும் மறைக்கக் கூடாது. குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போது அடுத்த கட்டத்துக்கும் பணம் காட்டச் சொல்வார்கள்; இரண்டு வருடப் படிப்பை ஒரே 11,904-ல் முடிக்க முடியாது. பிரிட்டனில் சுகாதாரக் கட்டணம் வருடம் 776 பவுண்டு, ஒரு வருட முதுகலைக்கும் விசா காலம் ஒரு வருடத்தைத் தாண்டுவதால் வழக்கமாக 1,164, மொத்தமாக முன்பணம். ஜெர்மன் மாணவர் காப்பீடோ மாதம் 140 யூரோவைத் தாண்டும், அதாவது வருடக் கணக்கில் அதுதான் அதிகம். 2025 ஜூலை முதல் ஜெர்மன் தூதரகத்திடம் ஆட்சேபம் எழுப்பும் வழியும் மூடப்பட்டுவிட்டது. மறுத்தால் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றம்.

கல்விக் கடன் ஏற்கெனவே கையில் இருந்து, ஒரே வருடத்தில் முடித்துவிட வேண்டும் என்பவருக்குப் பிரிட்டனில் ஒரு சலுகை இருக்கிறது: அங்கீகரிக்கப்பட்ட கடன் கடிதத்துக்கு 28 நாள் விதி கிடையாது, விண்ணப்பத்துக்கு முந்தைய 6 மாதத்துக்குள் தேதியிட்டிருந்தால் போதும். அப்படிப்பட்டவருக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது.

ஜெர்மனி போகிறவர் கையில் 1,500 யூரோவாவது தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். முகவரிப் பதிவும் உள்ளூர் வங்கிக் கணக்கும் ஆகும்வரை முதல் 992 வெளியே வராமல் போகலாம்; வீட்டு அட்வான்ஸோ மூன்று மாத வாடகை வரை கேட்பார்கள்.