‘தி வாஷிங்டன் போஸ்ட்’ மார்ச்: பள்ளி பேண்டோடு ஏழு வருடம்

சிங்கப்பூரில் ஓர் உயர்நிலைப் பள்ளி பேண்டுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் பிலிப் சூசாவின் ‘தி வாஷிங்டன் போஸ்ட்’ மார்ச்சை, அதாவது அணிநடை இசையை, ஏழு வருடமாக வாசிக்கிறோம். முதல் மூன்று வருடம் காசு கொடுத்து வாங்கிய எளிய பதிப்பு. அப்புறம் நான்கு வருடமாக, மூலத்தைப் பார்த்து நானே எழுதிய பதிப்பு. இரண்டோடும் பழகியதில் தெரிந்துகொண்டதைப் பகிர்கிறேன்.

இந்த மார்ச் பிறந்ததே பிள்ளைகளை வைத்துத்தான். 1889-இல் ‘தி வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழ் மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி நடத்தியது. பரிசளிப்பு விழாவுக்கு ஒரு மார்ச் வேண்டும் என்று, அப்போது அமெரிக்க மரீன் படையின் பேண்டுக்குத் தலைவராக இருந்த சூசாவைக் கேட்டார்கள். ஜூன் 15 அன்று அது அரங்கேறியது. டூ-ஸ்டெப் நடனத்துக்கு வாகாக அமைந்ததால் ஐரோப்பா வரை பரவியது. சூசா 1932-இல் மறைந்தார். காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால், யார் வேண்டுமானாலும் தங்கள் பேண்டுக்கு ஏற்ப மாற்றி எழுதலாம்.

வாங்கிய பதிப்பில் சுரம் தப்பவில்லை, வாசிக்கவும் சுலபம். ஆனால் ஆள் குறைவான பேண்டிலும் எதுவும் விட்டுப்போகக் கூடாது என்ற பயத்தில், எல்லோரும் எல்லா நேரமும் வாசிக்கிற மாதிரி எழுதியிருந்தார்கள். முதல் அடியிலிருந்து கடைசி வரை ஒரே சத்தம். ட்ரையோ என்கிற பிற்பாதி மெட்டுப் பகுதிக்கு வருவதற்குள் டிரம்பெட் பிள்ளைகளின் உதடு சோர்ந்துவிடும். பாட்டின் அழகான இடமே அதுதான். அங்கே போய் ஒலி கம்மிப்போகும். மூன்று வருடமும் பிள்ளைகளைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

மரீன் பேண்ட் தன் இணையதளத்தில் சூசாவின் மார்ச்சுகளை ஸ்கோரும் ஒலிப்பதிவுமாக இலவசமாகத் தருகிறது. அதைப் பார்த்தபோதுதான் கண் திறந்தது. அச்சிட்ட தாளில் இருப்பதை சூசா அப்படியே வாசிக்கவைத்ததில்லை. ஒரு பகுதி இரண்டு தடவை வந்தால், பல மார்ச்சுகளில் முதல் தடவை கார்னெட், டிராம்போன், சிம்பல் எல்லாம் சும்மா இருக்கும்; கிளாரினெட் ஒரு ஸ்தாயி கீழே மெதுவாக வாசிக்கும். இரண்டாம் தடவைதான் முழு பேண்டும் இறங்கும்.

பள்ளி பேண்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? பித்தளை வாத்தியப் பிள்ளைகளுக்கு ஓய்வு கிடைக்கிறது. கிளாரினெட்டில் கீழ் ஸ்தாயியிலிருந்து மேலே தாண்டுகிற ‘பிரேக்’தான் புதியவர்களுக்குக் கண்டம், முதல் தடவை அந்தத் தொல்லை பாதிக்கு மேல் இல்லை. என் பதிப்பு முழுக்க இந்த ஒரு விஷயத்தின் மேல் நிற்கிறது. முதல் டிரம்பெட்டின் உச்ச சுரங்களைக் கொஞ்சம் இறக்கினேன், பிக்கோலோ பகுதியைப் புல்லாங்குழலுக்குக் கொடுத்தேன். தாளத்தில் மட்டும் கை வைக்கவில்லை.

தாளம் 6/8. புதுப் பிள்ளைகள் நீளம்-குட்டை, நீளம்-குட்டை என்று வருவதை இழுத்து இரட்டை நடையாக்கிவிடுவார்கள். எண்ணச் சொல்லிப் பார்த்தேன், நடக்கச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் வாத்தியங்களைக் கீழே வைக்கச் சொல்லி “தகிட, தகிட” என்று தொடையில் தட்டவைத்தேன். டூபா ‘த’வில், ஹார்ன் ‘ட’வில். சீனப் பிள்ளைகள், மலாய்ப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டார்கள். இப்போது சீனியர்களே ஜூனியர்களுக்கு அதைச் சொல்லித்தருகிறார்கள்.

அந்த ‘ட’வில் ஒரு சிக்கலும் இருந்தது. ஹார்ன் வாசித்த ஒரு மாணவி ஒரு நாள் பயிற்சி முடிந்ததும் தாளை நீட்டினாள். பக்கம் முழுக்க ஓய்வுக் குறி, ஒரு சுரம், ஓய்வுக் குறி, ஒரு சுரம். “சார், எனக்கு எப்போ டியூன் வரும்?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அன்று இரவே ட்ரையோவின் முதல் தடவையில் யூஃபோனியத்தோடு இரண்டு ஹார்னும் மெட்டு வாசிக்கும்படி எழுதினேன். மூலத்தில் அப்படி இல்லை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்வேன். ஆனால் அந்த இடத்தில் கிடைக்கிற கனிந்த ஒலியை எதற்காகவும் விடமாட்டேன்.

என் பதிப்பிலும் குறை உண்டு. ஒரு கச்சேரியில் நிமிடத்துக்கு 120 அடி வைத்தேன். ஸ்னேர் டிரம் முந்திக்கொண்டு ஓட, கிளாரினெட் வரிசை சிதறியது. அதிலிருந்து 108-க்கு மேல் போவதில்லை. நிதானமாக வாசித்தாலும் மிடுக்கு குறையவில்லை. ட்ரையோவுக்கு நடுவில், மேல்வரிசையும் கீழ்வரிசையும் மோதிக்கொள்வது போல வருகிற ‘டாக்ஃபைட்’ பகுதியில் கீழ்வரிசை வாத்தியங்கள் எனக்கு இன்னும் போதவில்லை.

இந்த வருடம் டூபாவுக்கு ஒரே ஒரு பையன்தான். அவனுக்குத் துணையாக அதே வரியை பாரிட்டோன் சாக்ஸஃபோன் தாளில் சின்ன எழுத்தில் சேர்த்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை முதல் ஒத்திகை.